முகாம் வழியாக

உண்ணாமலைக்கு இதற்குமுன் இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது எட்டு மாதம் வரை தங்கி, எருமப்பட்டிப் பக்கம் கடலைக்கொடி பிடுங்கிய காட்டிலேயே பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

ஓடிவந்து பார்த்த நர்சம்மா சாரதாமணி, "இங்க வெச்சிருந்தாத் தங்காது மாதையா. நாமக்கல்லுக்குக் கொண்டு போய் ஆக்சிஜன் வெச்சாப் பொழைச்சுக்கும்" என்றாள்.

பஸ் போய்விட்டிருந்தது. ரத்தம் காயாத சேலையோடு உண்ணாமலை ரோட்டோரம் உட்கார்ந்தாள். புருஷன் மாதையன் கண்ட வண்டிக்கெல்லாம் கை நீட்டினான். கடைசியில் சுகாதாரத்துறை ஜீப்பே வந்தது. சாரதாமணி குறுக்கே போய் மறித்தாள். நெருக்கடி நிலைக் காலம் அது. பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்ற வேண்டிய வண்டியில், கருத்தடை முகாமுக்குப் பிடித்த ஆம்பளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முன்சீட்டு ஆபீசர் பிள்ளையை எட்டிப் பார்த்தார். "முகாமும் நாமக்கல் ரோட்டுலதான் இருக்குது. இவன் ஆபரேசனுக்கு ஒத்துக்கிட்டா ஏறுங்க. முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரியில எறக்கி உட்டர்றோம்."

"சார், இவங்களுக்கு இது ஒண்ணுதான் சார்!" என்றாள் சாரதாமணி.

"ரெண்டு இருக்குதுன்னு சொல்லச் சொல்லும்மா. இந்த ஒண்ணாவது வேணுமா, வேண்டாமா?"

மாதையன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். "என்ன புள்ள பண்றது?"

அவள் பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். "ஏறுங்க" என்றாள்.

சாரதாமணிக்கு ஜீப்பில் இடமில்லை; ரோட்டோரமே நின்றுவிட்டாள். முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மாதையனை வரிசையின் கடைசியில் உட்கார வைத்தார்கள். உண்ணாமலை வேப்பமரத்தடியில், பிள்ளையை மாரோடு ஒட்டி, முந்தானையால் மூடிக்கொண்டாள். அதன் நெஞ்சு குருவிக் குஞ்சினுடையதுபோல் அடித்துக்கொண்டது. அவள் டிரைவரிடம் போய், "அண்ணா, என்னைய மட்டும் கொண்டு போய் உட்டுட்டு வந்துருங்க. அவரு இங்கயேதான் இருப்பாரு" என்று கெஞ்சினாள்.

"ஆபீசர் சொல்லாம வண்டி நகராது தாயி."

ஆபீசர், "அவன் உள்ள போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வெயில் சாய்ந்தது. பிள்ளை ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. பிறகு திறக்கவில்லை. அவள் ஊதிப் பார்த்தாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், பெயரில்லாததால் "சாமி, சாமி" என்று கூப்பிட்டாள்.

நிமிர்ந்தபோது மாதையன் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தான். அவள் தலைதெறிக்க ஓடினாள். "வேண்டாமுங்க! வந்துருங்க! புள்ள போயிருச்சுங்க!" ஒலிபெருக்கிப் பாட்டு அவள் குரலை முழுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. வாசலில் நின்ற சேவகன் கையைக் குறுக்கே வைத்தான்.

"பொம்பளைங்க உள்ள வரக்கூடாது. பயப்படாத, சின்ன ஆபரேசன்தான்."

அவள் கதவைக் கையால் அறைந்தாள். சேவகன் இழுத்து மரத்தடியில் கொண்டுபோய் விட்டான்.

மாதையன் காலை அகட்டி அகட்டி வெளியே வந்தான். சிரித்தான். "அவ்வளவா வலியில்ல புள்ள. எந்திரி, போலாம்."

ஆபீசர் சொன்ன வாக்கு மாறவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, "இவங்கள ஆஸ்பத்திரியில உட்டுட்டு வா" என்றார். உண்ணாமலை எழுந்திருக்கவில்லை. முந்தானையை மட்டும் விலக்கினாள்.

ஆபீசர் குனிந்து பார்த்தார். பிறகு டிரைவரிடம், "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். இன்னொரு நடை ஆளு ஏத்திட்டு வந்துரு" என்றார்.

ஜீப் போன புழுதியில் இருவரும் ஊரைப் பார்க்க நடந்தார்கள். மாதையனால் ஒரு பர்லாங்கு தாண்ட முடியவில்லை. மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. நான் உள்ள போறதுக்கு முன்னாலயா, பொறவா?"

உண்ணாமலை ரோட்டைப் பார்த்தாள்.

"பொறவுதானுங்க" என்றாள்.

அவன் தலையாட்டினான். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.