இருக்கைக்கு அடியில் ஒரு மஞ்சள் முடிச்சு

அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். மகள் தேவயானி பிறந்து குடும்பம் மூன்று பேராகிவிட்ட பிறகு, எங்கே போனாலும் யாராவது ஒருவர் பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. பெரும்பாலும் அது அம்மா தாட்சாயணிதான். திருத்தணிக் கல்யாணமோ திருப்பதிக் காதுகுத்தோ, அப்பாவும் மகளும் வெளிர்நீலக் காரில் ராஜா வீட்டு ஊர்வலம் மாதிரி முன்னால் போவார்கள். அவள் தட்டும் பழமுமாக வியர்த்து வழிந்துகொண்டு பின்னால் போய்ச் சேருவாள்.

1957ஆம் வருடத்து ஃபோர்டு தண்டர்பேர்டு. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் இருந்த அமெரிக்கக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, மாங்காய் விற்றுக் காசு பார்த்திருந்த அவள் மாமனார் வாங்கியது. ஸ்டியரிங் இடது பக்கம். தலைக்குமேல் கழற்றி மாட்டக்கூடிய ஒரு மூடி, அதன் இரண்டு பக்கமும் கப்பல் ஜன்னல் மாதிரி வட்டக் கண்ணாடி. மாமனாருக்குப் பிறகு வண்டி அவள் கணவர் வெங்கடரமணனிடம் வந்தது. அவர் அதில் ஒரு நகக்கீறல் விழ விடவில்லை. புத்தூரில் அவர்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்கள் ‘அமெரிக்கா கார் வீடு’ என்று கேட்டால் போதும்.

போன தை மாதம், தோப்பில் பூவுக்கு மருந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், உட்கார ஒரு நாற்காலி கேட்டார். நாற்காலி வருவதற்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கார் அவள் தலையில் விழுந்தது. எலி ஒயரைக் கடிக்கிறதா பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இன்ஜினை ஓடவிட வேண்டும். அதற்காகத் தாழ்ந்த அந்த இருக்கையில் முழங்காலை மடக்கி இறங்கி, சாவியைத் திருப்பிவிட்டு, ஓட்டவும் தெரியாமல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வருடம் திரும்பியதும் விற்றுவிடலாம் என்று அவளாகவேதான் சொன்னாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. பெங்களூரிலிருந்த தேவயானி போனில், “நைனா இருந்தா வித்திருப்பாராம்மா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவளே படங்களோடு விளம்பரம் போட்டுவிட்டாள்.

வந்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சித்தூரிலிருந்து கல்யாணத்துக்கு வண்டி விடுகிற ஒருவர் வந்தார்.

“அம்மா, மாப்ளயும் பொண்ணும் உக்காந்துட்டா டிரைவர் எங்கம்மா உக்காருவான்?”

“கூடவே ஓடியாரட்டும்” என்றாள் தாட்சாயணி.

இன்னொருவர் அதைத் தன் ஓட்டல் மொட்டைமாடியில் ஏற்றி விளக்குப் போடப் போவதாகச் சொன்னார். அவருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

கடைசியாகத் திருப்பதியிலிருந்து சுனில் என்ற பையன் வந்தான். பையன் என்றாலும் நாற்பதை ஒட்டிய வயது. பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து, விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டிருப்பவன். வந்து ஒரு மணி நேரம் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தான். வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து அடியில் பார்த்தான். எழுந்து, “அம்மா, இத்த யாரு பாத்துக்கினாங்களோ அவுங்க கைய கும்புடணும்” என்றான்.  வண்டி இவனுக்குத்தான் என்று அவள் அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டாள்.

“சீட்டுக்கு அடில துருவு மட்டும் ஒரு தபா பாத்துட்றேன்மா.”

நான்கு போல்ட்டைக் கழற்றி இருக்கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. இருக்கையின் ஸ்பிரிங்கில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கட்டியிருந்தது. மஞ்சள் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. உள்ளே ஒரு காசின் வட்டம் துணிக்கு மேலேயே தெரிந்தது.

சுனில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

“வத்தும்மா, வேணாம். இது முடுப்பு. சாமிக்கு வேண்டிக்கினு கட்னது. வண்டியவே மலைக்குத் தர்றேன்னு வேண்டியிருந்தா, நான் வாங்கறது சாமி பொருள வாங்கற மாதிரி. எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா.”

“அப்டி எதும் இருக்காதுப்பா.”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னான்னு தெரிஞ்சா சொல்லுங்க, ஓடியாறேன்.”

அவன் போய்விட்டான். தாட்சாயணி முடிச்சை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்தாள். திருப்பதி மலைமேல் இருப்பவரிடம் வேண்டிக்கொண்டு கொடுக்காமல் இருந்தால் அவர் வட்டியோடு வாங்கிக்கொள்வார் என்பது அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்போது கட்டியிருப்பார். அவளுடைய உயிருக்கு ஈடாகத் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருளைச் சொல்லியிருப்பார். அவள் பிழைத்து வந்த பிறகு காரைக் கொடுக்க மனசு வந்திருக்காது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருப்பார். கேட்ட நாற்காலி வருவதற்குள் கணக்குத் தீர்ந்துவிட்டது.

காரை மலைக்குக் கொடுப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் செத்தது தன்னால்தானா? இந்தக் கேள்வியோடு சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள்.

இருக்கைக்கு அடிவரை கைவைத்தவன் ஒருவன்தான் உண்டு, மெக்கானிக் துலுக்காணம். அவனுக்குப் போன் செய்தாள். முடிச்சைப் பற்றிச் சொன்னதும், “நாகலாபுரத்துல வேலயா கீறேன்மா, அப்புறம் வரேன்” என்று வைத்துவிட்டான். மறுநாளும் நாகலாபுரம்தான். மூன்றாம் நாள் அவளே ஆட்டோ பிடித்து, நாராயணவனம் ரோட்டில் இருந்த அவன் ஷெட்டுக்குப் போனாள்.

துலுக்காணம் ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்தான். முதலில் அவள் காலைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த முடிச்சைப் பார்த்தான். வெளியே வரவே இல்லை.

“நாகலாபுரம் இம்மாம் கிட்ட வந்துடுச்சா?” என்றாள் அவள். “வெளிய வா. ஐயா இத்தக் கட்டச்சொல்ல நீ கூட இருந்தியா? காரையே குடுக்கறேன்னு வேண்டிக்கினாரா? எதுனாலும் சொல்லு, தாங்கிக்குவேன்.”

“ஐயா கட்லம்மா.”

“பின்ன?”

டிராக்டருக்கு அடியிலிருந்தே பதில் வந்தது. “நான்தாம்மா கட்னேன்.”

அவள் அங்கே கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவன் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்து, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அறுபது வயது ஆள், கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் கருப்பாக்கிக்கொண்டான்.

“நீங்க வேலூர்ல கெடக்கச்சொல்ல, வண்டிய தொடச்சி வெய்யின்னு ஐயா சாவியக் குடுத்துட்டுப் போனாரு. அந்த மூடிய ரெண்டு பேருதான் தூக்கணும். நான் ஒண்டியா தூக்கிட்டேன். கை வழுக்கி கீழ வுட்டுட்டேன்மா. கண்ணாடி தப்பிச்சிது, ஓரத்துல ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அமெரிக்கால இருந்து இன்னொண்ணு எங்க போய் நான் கொண்டாறது? என்னை வித்தாலும் ஆவாது.”

“அப்புறம்?”

“பழவேற்காட்ல ஃபைபர் படகு ஒட்றாங்க இல்ல, மூடியும் அதே ஃபைபர்தானே? டெம்போல போட்டு எடுத்துக்கினு போனேன். போறதுக்கு முந்தி, யாரு கண்ணுலயும் படாம சீட்டுக்கு அடில முடுப்புக் கட்னேன். ஐயா வர்றதுக்குள்ள ஒட்டு நிக்கணும், அவரு கண்ணுல படக் கூடாது, பெருமாளே, மொட்ட போட்றேன்னு. நின்னுச்சி. போயி போட்டுட்டு வந்தேன்.”

தாட்சாயணிக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அன்று துலுக்காணம் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றிருந்தான். வெங்கடரமணன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். ‘பாரு தாட்சாயணி, உனக்காக முடி குடுத்துட்டு வந்து நிக்கறான்’ என்றார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் துலுக்காணத்துக்கு வேட்டி, அவன் பெண்டாட்டிக்குச் சேலை. அவன் மகள் தேன்மொழி கல்யாணத்துக்குச் சீர் முழுக்க இவர்கள் வீட்டிலிருந்து.

“அடப்பாவி. என் உசுருக்குப் போட்ட மொட்டன்னு பதினோரு வருசமா நெனச்சிக்கினு கீறேன். மூடிக்கா போட்ட?”

“உங்களுக்கும் சேத்துதாம்மா வேண்டிக்கினேன்” என்றான் அவசரமாக. “மொதல்ல மூடி. அப்புறம் நீங்க.”

அவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. டயரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். துலுக்காணம் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினான்.

“அந்தக் காசை அன்னிக்கே உண்டியல்ல போடறதுக்கு இன்னா?” என்றாள், சிரிப்பு அடங்கியதும்.

“அவசரத்துல காச மறந்துட்டுப் போயிட்டேன். அதுக்குள்ள ஐயா வந்துட்டாரு. அப்புறம் போகப் போக, முடுப்ப அவுத்தா ஒட்டு வுட்டுடுமோன்னு பயம். ரெண்டு நாளா ராப்பகலா அதான் யோசன, எடுத்துட்டீங்களே, மூடி பொளந்துக்கினு இருக்குமோன்னு.”

வீட்டுக்குப் போய் இருவரும் பார்த்தார்கள். மூடி பிளந்துகொண்டிருக்கவில்லை. அவன் விரல் வைத்துக் காட்டிய பிறகும் அவளால் அந்த வெடிப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நகக்கீறலுக்கே நாலு நாள் பேசாமல் இருக்கிற மனுஷர் இதைப் பதினோரு வருடமும் பார்க்காமலா இருந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. துலுக்காணத்திடம் அதைச் சொல்லவில்லை.

சுனிலிடம் எதையும் மறைக்கவில்லை. வெடிப்பு, பழவேற்காடு, மொட்டை எல்லாவற்றையும் போனில் சொன்னாள். விலையைக் குறைத்துக்கொள்ளவும் சொன்னாள்.  கேட்டு முடித்ததும் அவனும் சிரித்தான். “படகுக்காரன் ஒட்னதாச்சேம்மா, தண்ணிலயே நிக்கும். அதே விலைக்கு நாளைக்கே வரேன்” என்றான்.

மறுநாள் காலை வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏறி உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையைக் காட்டி, “திருப்பதி வரைக்கும் வாங்கம்மா, ஒரு ரவுண்டு” என்றான்.

“எனக்கு அதுல எறங்கி ஏற கால் மடங்காதுப்பா. கல்யாணமான நாள்ல இருந்தே புடிக்காது. அவருகிட்ட சொன்னதில்ல.” இதை வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வண்டியை வழியனுப்ப வந்து நின்ற துலுக்காணத்தின் பக்கம் திரும்பினாள். “நீ ஏறு. மலைக்குப் போயி காச உண்டியல்ல போட்டுட்டு வந்து சேரு. மறந்தே, நானே உன்ன மொட்ட அடிப்பேன்.”

துலுக்காணம் கையைத் துடைத்துத் துடைத்து, நாற்பது வருடமாகப் பழுது பார்த்த காரில் முதல் தடவையாகப் பயணம் செய்ய ஏறி உட்கார்ந்தான். கார் தெருமுனை திரும்புகிற வரை நேராக நிமிர்ந்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

தாட்சாயணி உள்ளே வந்தாள். வாசலைத் தாண்டியதும் அழுகை வந்தது. சுவரில் சாய்ந்து அழுதாள். நாற்காலி கேட்டவருக்கு மாரடைப்பு, அவ்வளவுதான். யாருடைய கணக்கும் அதில் இல்லை. அழுது முடித்ததும் பசித்தது. அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். அரிசி களையும்போது தேவயானியின் போன் வந்தது.

“வண்டி போயிடுச்சாம்மா? நீ எப்டிக்கீற?”

“போயிடுச்சி. சோறு வடிச்சிக்கினு கீறேன், துன்னுட்டுப் பேசறேன்” என்றாள்.