நரசிங்கத்தைப் பிடிக்கிற கயிறு

எங்க கூத்து ஜமாவில் எனக்கு வேஷம் கிடையாது. பாட்டும் வராது. இரணியன் கூத்து ஆடும்போது நரசிங்கத்தின் இடுப்பில் கட்டின கயிற்றைப் பின்னால் நின்று பிடித்துக்கொள்வேன், அதுதான் என் வேலை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். தூணைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டால், அந்த வேஷத்துக்குள் இருக்கிறவன் மனுஷனாக இருக்க மாட்டான். எதிரே நிற்கிற இரணியனை நிஜமாகவே கிழிக்கப் போவான். முசரவாக்கத்தில் ஒரு வருஷம் கயிறு அறுந்துபோச்சு. அன்றைக்கு இரணியன் கட்டின கலியன் வயிற்றில் நகக் கீறல் இன்னும் இருக்குது. கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டுவான்.

இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம். கிராமத்துக் கலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும் என்று மேலேயிருந்து உத்தரவாம். எந்த மேலே, எதுக்கு உத்தரவு, எனக்குத் தெரியாது. நம்ம மேல திடீரென்று அக்கறை காட்டுகிறவனை நான் நம்புகிறதில்லை. எங்க ஜமா வாத்தியார் கோதண்டபாணியைக் கூப்பிட்டார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து நரசிங்கம் கட்டுகிறவர் அவர்தான். ஆண்டு விழாவுக்கு இரணியன் கூத்தே ஆடுவது என்று பேசி முடித்துவிட்டு வந்தார்.

இரணியன் யார் தெரியுமா? என் பேத்தி அம்சா. எட்டாவது படிக்கிறாள், குரல் கணீரென்று இருக்கும். நரசிங்கம் அவள் பக்கத்தில் உட்காருகிற லில்லி.

"வேற கதை எடுப்பா. யாருக்காவது கல்யாணம் ஆகிற மாதிரி எதனா எடு" என்றேன் கோதண்டபாணியிடம்.

"அந்தப் பொண்ணு வேதக்கார வீடுய்யா, மாதா கோயிலுக்குப் போற ஜனம். அதுக்கு எங்கேருந்து சாமி வரும்? நீ ஒருத்தன், பயந்துக்கினு."

"வீடு விசாரிச்சுக்கினா சாமி வருது?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பெரிய டீச்சர் பட்டம்மாளிடம் போனேன். கயிறு வேணும் என்றேன். வதம் முடிந்ததும் கற்பூரம் காட்டினால்தான் நரசிங்கம் உடம்பை விட்டு மலையேறும், அதுவும் வேணும் என்றேன்.

"பெரியவரே, மேல ஓலைப் பந்தல் போடறோம். ஒரு தீக்குச்சி உள்ள வரக்கூடாது. கயிறா? பொம்பளப் புள்ளைய மாடு மாதிரி கட்டி இழுத்தா அவங்க அம்மா என்னைச் சும்மா விடுவாங்களா?"

பந்தல் விஷயத்தில் அந்த அம்மா சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் பயமாகிவிட்டது.

திரும்பக் கோதண்டபாணியிடம் வந்தேன். "சரி, எப்படி மலையேறணும்னாவது அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது எனக்கு எப்படிப்பா தெரியும்? அந்த நேரத்துல நான் எங்க இருக்கிறேன்? கண்ணைத் தொறந்தா மூஞ்சியில தண்ணி இருக்கும், எதிர்ல நீ இருப்ப."

அடவு, பாட்டு, தூணை உதைக்கிற உதை எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறார். உள்ளே போகிற வழி அவருக்கு அத்துப்படி. வெளியே வருகிற வழி தெரியாது.

அம்சா சொன்னாள்: "தாத்தா, நீ முன்னாடி வந்து உக்காராத. நீ முழிக்கிற முழியில எனக்கு வசனம் மறந்துடும்."

விழா அன்று கயிற்றை இடுப்பில் சுற்றி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேடைக்குப் பக்கத்தில், ஆர்மோனியத்தோடு கோதண்டபாணி உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் நின்றுகொண்டேன். நரசிங்க முகத்தை ஆடுகிற நாளுக்கு முன்னால் வெளியே எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் லில்லி வெறும் முகத்தோடுதான் பழகியிருந்தாள். எங்க ஜமாவின் மர முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குக் கட்டினார்கள்.

"இந்தத் தூணிலே இருக்கிறானா உன் ஹரி?" என்று அம்சா எட்டி உதைத்தாள். அட்டைத் தூண் இரண்டாகப் பிரிந்தது. லில்லி வந்தாள்.

முன்னால் இருந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு உறுமல் வந்தது. ஒத்திகையில் நான் கேட்ட உறுமல் அது இல்லை. அம்சாவுக்கும் தெரிந்துவிட்டது. அடவை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். லில்லி பாய்ந்து அவளை மடியில் சாய்த்து, கழுத்தில் கையை வைத்தாள்.

"ஏய், வலிக்குதுடி! விடுடி!"

ஜனம் அதையும் வசனம் என்று நினைத்துக் கைதட்டியது. நான் சட்டைக்குள்ளிருந்து கயிற்றை உருவிக்கொண்டு மேடைமேல் காலை வைத்தேன். அப்போது எனக்குக் கீழே இன்னொரு உறுமல் கேட்டது.

ஆர்மோனியம் நின்றுபோயிருந்தது. கோதண்டபாணியின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, பல் தெரிந்தது. தூண் பிளந்தால் அந்த உடம்பு சும்மா இருக்குமா? எழுந்து மேடையைப் பார்த்து வந்தார்.

கையில் ஒரு கயிறு. பிடிக்க வேண்டியது இரண்டு பேரை.

அம்சா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் திரும்பிக் கயிற்றைக் கோதண்டபாணியின் இடுப்பில் போட்டேன். அந்த ஆள் மேலே ஏறினால் இரண்டு பிள்ளைகளும் மிஞ்சாது. பந்தக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி இழுத்தேன். பின்னால் அம்சா இருமுவது கேட்டது. அப்புறம் இருமலும் நின்றது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"யாராவது புடிங்கய்யா! அது நெசம்யா!" என்று கத்தினேன். கைதட்டல்தான் வந்தது.

அம்சாவின் வகுப்பு டீச்சர் தேவகி மேடைக்கு ஓடினார். சின்ன வயசுப் பொண்ணு. முகம் வெளுத்துக் கிடந்தது. கிட்டே போகப் பயந்து நடுவில் நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்து, தினமும் காலையில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"கங்கையம்மாள்!"

முன்வரிசையில் ஒரு பிள்ளை பழக்கத்தில் எழுந்தது. "உள்ளேன் டீச்சர்!"

"ஜெயம்மாள்!"

"உள்ளேன் டீச்சர்!"

"லில்லி!"

சத்தமில்லை. கைதட்டலும் அடங்கிவிட்டது. மர முகம் மெதுவாகத் திரும்பியது.

"லில்லி!"

கழுத்திலிருந்து ஒரு கை எடுபட்டது. அப்படியே மேலே போனது. முகத்துக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல்: "உள்ளேன் டீச்சர்."

அம்சா உருண்டு வெளியே வந்து மூச்சை இழுத்தாள். கழுத்தில் விரல் விரலாகச் சிவந்திருந்தது. தேவகி டீச்சர் மர முகத்தை அவிழ்த்தார். உள்ளே வியர்வையும் கண்ணீருமாக லில்லி. "நான் என்னடி பண்ணேன்?" என்று கேட்டாள். அம்சா தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

என் கை எரிந்தது. கோதண்டபாணி இன்னும் உறுமிக்கொண்டு கயிற்றை இழுத்தார். பந்தக்கால் ஆடியது.

"டீச்சர், இவரையும் கூப்புடுங்கம்மா!"

"கோதண்டபாணி!" என்று கூப்பிட்டார் தேவகி டீச்சர்.

அந்த மனுஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அந்தக் குரல் அவரை என்ன செய்யும்? இன்னும் ஓங்கி உறுமினார். கயிறு என் உள்ளங்கையில் வழுக்கியது.

பெரிய டீச்சர் பட்டம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "கற்பூரம் வாங்கி வெளியில வைங்கடி! பந்தலுக்கு வெளியில!" என்று கத்தியபடி கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தார்.

"விடாதீங்க பெரியவரே."

"நீங்க விடாதீங்கம்மா."

பந்தக்காலிலிருந்து கயிற்றை விடுவித்து, கோதண்டபாணியை மாடு மாதிரிதான் வெளியே இழுத்துக்கொண்டு போனோம்.