எண்பது கிலோ

நிசாந் ஆறு மணிக்கு எழும்பினான். பல் விளக்கினான். பாணில் வெண்ணெய் பூசி, நின்றபடியே சாப்பிட்டான். பிளாஸ்டிக் குப்பை போட்ட மஞ்சள் பையைக் கட்டி, மூன்று மாடி இறங்கி, வாசலில் வைத்தான். குப்பை வண்டி இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வரும். ஆனாலும் தினமும் காலையில் இறக்கினான்; மாலையில் அங்கேயே கிடந்தால் திரும்ப ஏற்றினான்.

அன்று சனிக்கிழமை. கெம்ப்டன் நகரிலிருந்து பஸ் பிடித்து மலையடிவாரக் கொட்டகைக்குப் போனான். மேலேயுள்ள விடுதியில் சிறீதரன் அண்ணை சமையல்காரர். அவர் மலை ஏறி இறங்கும் பனிவண்டியான ஸ்னோமொபைலின் கிளட்சைப் போன மாசியில் சரிசெய்தவள் தேனுஜா, நிசாந்தின் மனைவி. பட்டறையில் அவள் கைவைத்த கடைசி வண்டி அது. பங்குனியில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, ஒரே பகலில் போய்விட்டாள்.

இந்தப் பனிக்காலம் எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. 'ஆர் இப்பிடிப் பிழையாப் பூட்டினது?' என்று விடுதி முதலாளி கேட்டாராம். வேறு பட்டறைக்குக் கொடுக்கப் போகிறாராம். நிசாந் ஒரு சனிக்கிழமை தவணை கேட்டான். தேனுஜா பிழைவிட்டிருக்க மாட்டாள்.

அவனுக்குக் கிளட்ச் தெரியாது. அவளுடைய கொப்பி இருந்தது. கிளட்சுக்குள் இருக்கும் எடைத்துண்டுகளின் பாரம் கூடினால் எஞ்சின் சுற்றுக் குறையும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில்: 'எடை 52 கிராம். ஏற்றத்தில் எட்டாயிரம் சுற்று.'

கழற்றி, சமையல் தராசில் நிறுத்தான். 52. பெல்ட் நல்லது. ஸ்பிரிங் நல்லது. அண்ணை ஏற்றத்தில் ஓட்டினார். எட்டாயிரத்து ஐந்நூறு.

கொப்பியில் சரி, கிளட்சில் சரி, மலையில் பிழை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மெசின் பொய் சொல்லாது தம்பி."

"கொப்பியும் பொய் சொல்லாது அண்ணை."

"அப்ப நான்தான் கள்ளன். ஏறி இருந்து நீரே பாரும்."

பின்னால் ஏறி இருந்தான். எட்டாயிரம். இறங்கினான், எட்டாயிரத்து ஐந்நூறு. மறுபடி ஏறினான். எட்டாயிரம்.

போன மாசியில் இதே ஏற்றத்தில் தேனுஜா கத்தியது நினைவு வந்தது: "நீர் பின்னாலை ஏறும்! எனக்கொரு மூட்டை வேணும்." பகிடி என்று நினைத்து, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளிரில் நடுங்கியிருந்தான்.

"போன வருசம் இதிலை என்ன ஏத்தினனீங்கள்?"

"உருளைக்கிழங்கு, வெங்காயம், மா. எண்பது கிலோவுக்குக் குறையாது. இப்ப சாமானெல்லாம் கம்பியிலை தொங்கிற பெட்டிக்குள்ளை மேலை போகுது. நான் மட்டும்தான் மிச்சம்."

நிசாந் எண்பது கிலோ.

அவள் பிழைவிடவில்லை; மூட்டைச் சுமைக்கு அளந்து பூட்டியிருந்தாள். ஆனாலும் கழற்றத்தான் வேண்டும். சரியான ஒன்றை ஏன் கழற்றுகிறோம் என்று கை நடுவில் நின்றது. அவளுடைய தகரப்பெட்டியில் 55 கிராம் துண்டுகள் இருந்தன. பூட்டினான். அண்ணை தனியே ஏறினார். எட்டாயிரம். பழைய மூன்று துண்டுகளையும் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு, கொப்பியில் அவள் எழுத்துக்குக் கீழே எழுதினான்: '55. ஆள் ஒன்று.'

"பிள்ளையிலை பிழையில்லையெண்டு முதலாளிட்டைச் சொல்லுறன்," என்றார் அண்ணை. "கடைசியா இதைப் பற்றி ஏதும் சொன்னவளே?"

"இல்லை அண்ணை."

செத்தவீட்டில் அவளுடைய கடைசிச் சொல் என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம், 'கவனமாப் போயிட்டு வாரும்' என்றாள் என்று சொல்லியிருந்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று காலை கண்ணாடி முன் தலைமயிர் கட்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"போகேக்கை அந்த மஞ்சள் பையைக் கீழை வையும். போன முறையும் மறந்திட்டீர்."