மதகைத் திறந்த கொரியப் பாட்டு

ஏரித்தெரு என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. கையில் கிடைத்திருந்தால் காந்தா அவனை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஒடுகத்தூருக்கு மேற்கே, ஜவ்வாது மலை காலை நீட்டிப் படுத்திருக்கும் இடத்தில் இருக்கிற ஊரில் ஒரு தெரு அது. ஏரி தளும்பி நின்றாலும் தண்ணீர் முதலில் போவது கோயில்தெருக்காரர்கள் வயலுக்கு. அங்கே நடவு முடிந்து பச்சை பிடித்த பிறகுதான் ஏரித்தெரு வாய்க்காலுக்கு முறை வரும். இது சாமி எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் நடக்கிற கும்மியில் கோயில்தெரு வருஷா வருஷம் ஜெயிக்கிறது, அவ்வளவுதான்.

கும்மிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எப்போதோ இரண்டு தெரு ஆண்களும் முதல் தண்ணீருக்காக மண்வெட்டியோடு மோதி, மண்டை உடைந்து, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து ஓய்ந்தார்கள். நீங்கள் கிழித்தது போதும் என்று பெண்கள் கொண்டுவந்த ஏற்பாடு இது. இரண்டு தெருப் பெண்களும் மாறி மாறிக் கும்மி அடிக்க வேண்டும். ஒருமுறை பாடின மெட்டை அன்றைக்கு மறுபடி யாரும் பாடக்கூடாது. சினிமா மெட்டோ, அம்மன் பாட்டு மெட்டோ, எதுவானாலும் சரி. மெட்டு தீர்ந்துபோன தெரு தோற்றது. பாட்டு நடுவில் அறுந்தாலும் தோற்றது. ஒரு தெரு பாடும்போது எதிர்த்தெரு கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடி நிற்க வேண்டும். மீறிக் கூடச் சேர்ந்து பாடிவிட்டால் அந்தப் பாட்டுக்கு அடங்கிப்போனதாகக் கணக்கு. ஜெயித்த தெருவுக்குத் தையில் நடுகிற நவரைப் பட்டத்தின் முதல் தண்ணீர்.

கோயில்தெருவுக்குப் பாடுகிறவள் ரேணுகாதேவி. அம்மாடி, அவள் காதில் நுழைந்த பாட்டு வெளியே போனதில்லை. கறுப்பு வெள்ளை காலத்துப் படத்திலிருந்து நேற்று வந்த படம் வரைக்கும் எல்லா மெட்டும் அவள் நாக்கு நுனியில் நிற்கும். அவளோடு மல்லுக்கட்டித் தோற்றுத் தோற்று ஏரித்தெருப் பெண்களுக்குக் காணும் பொங்கலே கசந்துபோனது.

போன வருஷம் தோற்றதில் காந்தாவுக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமில்லை. முறை வருவதற்குள் நாற்று முற்றிவிட்டது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுமா? அறுத்துத் தூற்றினபோது பாதிக்கு மேல் பதர். களத்தில் உட்கார்ந்து அந்தப் பதரைக் கையில் அள்ளிப் பார்த்த அவள் புருஷன் காசி அன்றைக்கே வெறுத்துப்போனான்.

"இந்த வருசமும் மொத தண்ணி வர்லன்னா நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு நான் பெங்களூரு போறேன். சென்ட்ரிங் வேலைக்கு மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிட்டேன். நீ இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றான்.

அவன் சொன்னால் செய்கிறவன். பெங்களூர் போன ஏரித்தெரு ஆண்களில் எத்தனை பேர் திரும்பி வந்து மண்வெட்டி பிடித்தார்கள் என்று காந்தாவுக்குத் தெரியும். ஆனாலும் கிணற்றில் கிடந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இந்த வருஷமும் நாற்று விட்டாள். பொங்கலுக்கு நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. தண்ணீர்தான் வர வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்குக் கொரியாப் பைத்தியம் பிடித்தது என்று தெருவில் சொல்வார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற மகள் தமிழரசி வாங்கித் தந்த போன்தான் ஆரம்பம். அதில் கொரியா நாடகம் தமிழில் பேசியது. அந்த ஊர் மாமியாரும் நம்ம ஊர் மாமியார் மாதிரியே மருமகளைக் கரித்துக்கொட்டினாள். காந்தாவுக்கு விட மனசில்லை. ஆனால் பேச்சையெல்லாம் தமிழாக்கிய ஆட்கள் பாட்டை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். கதாநாயகி அழுதாலும் பாட்டு, மழை பெய்தாலும் பாட்டு, ஒருத்தன் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாலும் பாட்டு. ஒரு வார்த்தை புரியாது, ஆனால் மெட்டு வந்து மனசில் ஒட்டிக்கொள்ளும். வேர்க்கடலை ஆயும்போதும் மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போதும் அவள் அதைத்தான் முனகுவாள்.

"இன்னாடி இது, பல்லு வலிக்கற மாதிரி ஒரு பாட்டு" என்று காசி கிண்டல் பண்ணுவான்.

ஒருநாள் கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளுக்கு அது சுருக்கென்று உறைத்தது. ரேணுகாதேவியிடம் இல்லாத மெட்டு ஒரு கூடை நிறையத் தன்னிடம் இருக்கிறதே. காந்தாவுக்குக் கை நிற்கவில்லை, கடலை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கமாகச் சிதறியது.

சும்மா கிடைத்துவிடுமா கும்மி? கொரியாக்காரன் பாட்டு இழுவைப் பாட்டு. கும்மிக்கு மூன்று தட்டு வேண்டும். நீண்டு போகிற மெட்டைப் புடவை மடிப்பது மாதிரி மடித்து மூன்று தட்டுக்குள் அடக்கினாள். மலை, மழை, நாற்று, நாத்தனார் என்று வாய்க்கு வந்த தமிழ் வார்த்தையைப் போட்டாள். தை பிறக்கும் வரை மத்தியானத்தில் தெருப் பெண்களை மாட்டுக் கொட்டகையில் கூட்டிப் பழக்கினாள். ஒரே ஒரு பாட்டை மட்டும் அவள் தொடவில்லை. ஸ்டேஷன் ஓரத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற ஒருத்தியின் கதையில் வருகிற பாட்டு அது. அவள் புருஷன் பிழைப்புத் தேடி ரயிலேறிப் போகிறான். "போகாதே" என்று அவள் தமிழில் ஒருமுறை சொல்வாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை, பாட்டுதான். அந்த மெட்டில் நாற்றையும் நாத்தனாரையும் போடக் காந்தாவுக்கு மனசு வரவில்லை.

காணும் பொங்கல் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஊரே ஏரிக்கரையில் கூடியது. மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி ராஜாக்கண்ணுதான் நடுவர். தோளில் துண்டோடு மதகுக்கல்லில் உட்கார்ந்துகொண்டார். காசி கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றான். பெங்களூர் போகக் கட்டிய பைக்கு வீட்டில் ஜிப் கூடப் போட்டாயிற்று, காந்தா அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

முதல் சில சுற்று வழக்கம்போலப் போனது. ரேணுகாதேவி அம்மன் பாட்டில் ஆரம்பித்தாள். காந்தாவும் நடவுப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று கையிருப்பைச் செலவழித்தாள். அதற்கப்புறம் ஒரு கொரியா மெட்டை எடுத்து விட்டாள். ஏரித்தெருப் பெண்கள் குனிந்து நிமிர்ந்து தட்டியதில் கரையே அதிர்ந்தது. கோயில்தெருப் பக்கம் முகங்கள் மாறின. ரேணுகாதேவியின் மருமகள் பிரியதர்ஷினி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் முறைத்ததும் அடங்கினாள்.

ரேணுகாதேவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா மெட்டு இது? எந்த ஊரு பாட்டு? ஊரு பேரு தெரியாத பாட்டெல்லாம் கும்மியில சேத்தி இல்ல."

"மெட்டு புதுசா இருக்கணும்னுதான்க்கா பேச்சு. எந்த ஊருன்னு யாரு கேட்டாங்க?" என்றாள் காந்தா.

ராஜாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னிக்கி இத யாருனா பாடினாங்களா? இல்ல. அப்ப புதுசுதான். நீ அடுத்தது பாடும்மா ரேணுகா."

அடேயப்பா, அதற்குப் பிறகு நடந்தது கும்மியா, யுத்தமா என்று சொல்ல முடியாது. ரேணுகாதேவி ஒன்று விட்டால் காந்தா ஒன்று விட்டாள். கொட்டகையில் மடித்து வைத்த மெட்டெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இத்தனை வருஷம் கை கட்டி நின்று அவமானப்பட்ட ஏரித்தெருப் பெண்களுக்கு உள்ளங்கை சிவந்தும் வலி தெரியவில்லை. வெயில் மலைக்கு மேலே சாய ஆரம்பித்தது. முதல் தடவையாக ரேணுகாதேவி ஒரு பாட்டை எடுக்கும் முன் யோசித்தாள். அடுத்ததற்கு இன்னும் யோசித்தாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்ததைப் பார்த்த காந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் காந்தாவின் கூடையும் காலியாகிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ரேணுகாதேவி கண்ணை மூடி எங்கிருந்தோ ஒரு பழைய தாலாட்டைத் தோண்டி எடுத்தாள். பாடி முடித்ததும் கோயில்தெரு விசில் அடித்தது. இனி காந்தாவின் முறை. பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பழக்கி வைத்த மெட்டு எல்லாம் தீர்ந்துவிட்டது. தொடாமல் வைத்த அந்த ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தமிழ் வார்த்தை இல்லை, மூன்று தட்டு இல்லை.

"இன்னா காந்தா, தண்ணிய எங்க பக்கம் வுட்டுறலாமா?" என்று ரேணுகாதேவி சிரித்தாள்.

காந்தா புளியமரத்தடியைப் பார்த்தாள். காசி முகத்தைத் திருப்பி ஊர்ப் பக்கம் நடக்கத் தயாராக இருந்தான். அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே ஒரு வேகம். வாயைத் திறந்து கொரியா பாஷையிலேயே பாட ஆரம்பித்துவிட்டாள்.

தட்டத் தெரியாமல் பெண்கள் திகைத்தார்கள். பிறகு அவள் கை போகிற போக்கைப் பார்த்து மெதுவாக, இழுவைக்கு ஒரு தட்டு என்று தட்டினார்கள். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் விசில் அடித்தவன்கூட வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டான். காசி திரும்பி நின்றான்.

பாட்டு ஏறிக்கொண்டே போய், ரயில் நகர்கிற இடத்துக்கு வந்தது. "கஜிமா" என்று பாடினாள் காந்தா. போகாதே என்று அர்த்தம். "கஜிமா" என்று இரண்டாம் தரம் பாடும்போது காசியின் கண்ணை நேராகப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. அடுத்த வார்த்தை என்ன? எத்தனை தரம் பாடியிருக்கிறாள், பாழாய்ப் போன நேரத்தில் மறந்துபோனது. தட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. பாட்டு அறுந்தால் தோற்றது. ஏரித்தெருப் பெண் ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"தொராவா..."

கணீரென்று ஒரு குரல் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. காந்தா விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு, "தொராவா" என்று உச்சிக்கு ஏற்றி, கடைசி அடி வரைக்கும் பாடி முடித்தாள். அந்தக் குரலும் கூடவே வந்தது, ஒரு இடம்கூடப் பிசகாமல். பாடி முடித்த பிறகுதான் ஊர் திரும்பி, அது யார் என்று பார்த்தது.

ரேணுகாதேவி. கட்டியிருக்க வேண்டிய கை இரண்டும் தட்டின கையாக முன்னால் இருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு.

கோயில்தெரு தலையில் இடி விழுந்த மாதிரி நின்றது. "யத்த, இன்னா பண்ணிட்ட நீ?" என்று பிரியதர்ஷினி மாமியாரின் தோளைப் பிடித்தாள். "மத்தியானம் கதவ சாத்திக்கினு நம்ம ரெண்டு பேரும் அந்த நாடகத்த பாக்கறது போதாதா?"

ரேணுகாதேவிக்கு அப்போதுதான் சுரணை வந்தது. அதற்காக அவள் குன்றிப்போய்விடவில்லை. அவளா குன்றுவாள்?

"ஆமா, பாத்தேன். அதுக்கு இன்னா இப்ப?" என்று சொந்தத் தெருவையே அதட்டினாள். காந்தா பக்கம் திரும்பினாள். "அந்தப் பொண்ணு அவன திரும்பி வான்னு கூப்பிடற எடம்டி அது. அங்க போயி வாய மூடிக்கினு நிக்கற. தண்ணி எக்கேடு கெட்டா போவுது, அத எப்பிடி நடுவுல வுடறது?"

காந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "மறந்துட்டேன்க்கா" என்றாள்.

"மறக்கற பாட்டா அது?"

கோயில்தெரு ஆண்கள் சிலர் இது செல்லாது என்று முணுமுணுத்தபடி முன்னால் வந்தார்கள். காந்தா பாட்டை அறுத்துவிட்டாள் என்றார்கள். ராஜாக்கண்ணு எழுந்து நின்றார்.

"பாட்டு அறல. உங்க தெரு பொம்பளயே அறாம புடிச்சிக் குடுத்துட்டாங்க. எதிர்த்தெரு கூடப் பாடினா அடங்கினதா கணக்கு. இதுல பேச இன்னா கீது?" என்றார். பிறகு ரேணுகாதேவியையே கேட்டார். "நீயே சொல்லும்மா."

"பாடினது பாடினதுதான். மொத தண்ணி அவங்களுது" என்றாள் ரேணுகாதேவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. அவள் சொன்ன பிறகு கோயில்தெருவில் எவனுக்கு வாய் வரும்?

ஏரித்தெருப் பெண்கள் போட்ட குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று காந்தா உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாயில் நுழையாத பாஷையில் பாடி, மதகைத் திறந்துவிட்டாள். அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். பூ உதிர்ந்தது, செருப்பு எங்கேயோ போனது, அவளுக்குக் கவலையே இல்லை.

ராஜாக்கண்ணு மதகுக் கம்பியைத் திருகினார். ஏரித்தண்ணீர் நுரைத்துக்கொண்டு, காய்ந்த சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு ஏரித்தெரு வாய்க்காலில் இறங்கியது. சின்னப் பிள்ளைகள் அதன் கூடவே கரையில் ஓடினார்கள். காந்தாவும் ஓடினாள். நாற்பத்தைந்து வயசுக்காரி ஓடுகிறாளே என்று யாராவது சொல்லிக்கொள்ளட்டும்.

தண்ணீர் அவள் வயல் மடைக்கு வந்தபோது காசி அங்கே முன்னாடியே வந்து நின்றிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, யாரிடமோ வாங்கின மண்வெட்டியால் மடையை வெட்டி விட்டான். வெடித்துக் கிடந்த வயலுக்குள் தண்ணீர் பாய்ந்து ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு போனதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

காசி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"மேஸ்திரி, காசி பேசறேங்க. நாளிக்கி நான் வர்லீங்க. இல்லீங்க, அடுத்த வாரமும் இல்லீங்க." எதிர்ப்பக்கம் என்னவோ கேட்டது. காசி, சேற்றுக் காலோடு நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். "வூட்ல போவ வேணாம்னு சொல்லிட்டாங்க. ஊரே கேட்டுச்சி. நடவு கீதுங்க, வச்சிர்றேன்."