பந்தலுக்குப் போன கீற்று

கை வைத்த இடத்தில் மணல் சுடுகிறது, எடுக்க விடாமல் மாமியார் செல்லக்கண்ணு என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருக்கிறாள், அடியில் பங்குனி ஆமை இட்டுவிட்டுப் போன முட்டைகள், சொல்லுடி, ஆம்பளப் புள்ளையா குடு தாயின்னு வாய்விட்டுச் சொல்லு என்கிறாள், வயிற்றில் அப்போது எனக்கு மூன்று மாதம், பிள்ளை உண்டானவளை ஆமைக்குழியின் மேல் கை வைக்கச் சொல்வது எங்கள் கடற்கரையில் வழக்கம், நூறு நூறாய்ப் பெறுகிறவள் கேட்டதைக் கொடுக்காமலா போவாள் என்று ஒரு நம்பிக்கை, நான் உதட்டை மட்டும் அசைத்தேன், எதுவானாலும் உசுரோட குடு, அது போதும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன், அது பூவரசி, அடுத்தது கயல்விழி, அதற்கடுத்து மங்கை, மூன்று முறையும் அதே கை, அதே கரை, மணல் மட்டும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சுட்டது, என் எரிச்சலில் அப்படித் தோன்றுகிறது என்றுதான் நினைத்திருந்தேன், இல்லை, நிஜமாகவே சுட்டிருக்கிறது.

பொட்டையாப் பெத்துப் போடுறா, இவ கையில என்ன தோஷமோ, என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள், என் வீட்டுக்காரர் கலியபெருமாள் வலையில் கிழிசல் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வார், ஆணா பெண்ணா என்பது அப்பனிடமிருந்து வருவது என்று நர்ஸம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன், எனக்கு என்ன தெரியும், அந்த நூல்கண்ட எடு என்றார், அந்த நூல்கண்டை எடுத்து அவர் மேல் எறிந்தது நினைவிருக்கிறது, எறிந்தேனா, எறிய நினைத்தேனா, இப்போது தெரியவில்லை. ஆமை முட்டைகளைக் காப்பாற்றக் கரையில் கம்பி வேலி போட்டுப் பொரிப்பகம் வைத்தபோது அங்கே தண்ணீர் தெளிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது, நாய் தோண்டாமல், அலை அள்ளாமல் முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைப்போம், அதை நடத்த வந்த பெண் தமிழ்மணி, படித்தவள், ஒரு நாள் குழிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு, அக்கா, இந்தக் குழியில அத்தனையும் பொண்ணுதான் என்றாள். ஆமைக்கு ஆணையும் பெண்ணையும் மணலின் சூடுதான் முடிவு செய்கிறதாம், சூடு கூடினால் எல்லாம் பெண், இன்னும் கூடினால் ஒன்றுமே இல்லை, முட்டைக்குள்ளேயே வெந்துபோகும், வருஷத்துக்கு வருஷம் பூமி சூடேறுகிறது, ஆண் இல்லாமல் போனால் கடைசியில் ஆமையே இருக்காது, ஆமை இல்லாவிட்டால் அது தின்னும் சொறிமீன், அதுதான் ஜெல்லிமீன், பெருகும், பெருகி வலையில் ஏறித்தானே என் வீட்டுக்காரர் கையெல்லாம் தடித்து எரிகிறது, பொரியாத முட்டை மக்கி அடப்பங்கொடிக்கு உரமாகும், கொடி மணல்மேட்டைப் பிடிக்கும், மேடு கடலைப் பிடிக்கும், மேடு கரைந்த வடக்குத் தெருவில் போன ஐப்பசியில் அடுப்படி வரை அலை வந்தது. நான் சிரித்தேன், வாய்விட்டுச் சிரித்தேன், பெண்ணாகவே பெறுகிறவளிடமா என்னை ஆண் கேட்க வைத்தாய் கிழவி, பிறகு சிரிப்பு அடங்கி வயிறு எரிந்தது, எரிந்துகொண்டே இருக்கிறது.

அதனால்தான் குழிகளுக்கு மேல் கீற்று போட்டோம், நானும் என் மூன்று பெண்களும் முடைந்த கீற்று, ஈரம் காயாமல் தெளித்துத் தெளித்து மணலை ஆற்றி வைத்திருந்தோம், இந்த வருஷம் ஏறி வந்த ஆமைகளே கொஞ்சம்தான், இருப்பது இந்தக் குழிகள்தான். இன்று காலை வந்து பார்க்கிறேன், கீற்று ஒன்றுகூட இல்லை, வெயில் நேராக மணலில் இறங்குகிறது, தமிழ்மணி அழுதுகொண்டு நிற்கிறாள், பஞ்சாயத்துத் தலைவர் ஆள் விட்டு எடுத்துட்டுப் போயிட்டாருக்கா, பெரிய ஆளுங்க வர்றாங்களாம், பந்தலுக்குக் கீற்று பத்தலையாம், கேட்டா ஒரு மணி நேரந்தானேங்குறாரு. சவுக்குத் தோப்புப் பக்கம் பந்தல், வெள்ளைச் சட்டைகளுக்கு மேலே என் கீற்று, மைக்கில் ஒருவர் பூமி சூடாகிறது, நாம் விழித்துக்கொள்ள வேண்டும் என்கிறார், கையில் இளநீர், பூவரசி, ஏறுடி என்றேன், அவள் கம்பத்தில் ஏறினாள், கயல்விழி கயிற்றை அறுத்தாள், மங்கையும் நானும் இழுத்தோம், கீற்று சரசரவென்று சரிய வெயில் அவர்கள் தலையில் விழுந்தது. ஏம்மா, உனக்குப் பைத்தியமா என்று தலைவர் கத்தினார், ஒரு மணி நேரந்தானே, நீங்களும் வெந்து பாருங்க என்றேன், பேசிக்கொண்டிருந்தவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். கீற்றைச் சுமந்துகொண்டு பொரிப்பகத்துக்கு நடந்தோம், முன்வரிசையில் இருந்த மாமியார் ஊர் மானத்த வாங்கிட்டியேடி பாவி என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள், வரட்டும்.

கீற்றை வேய்ந்தோம், குடம் குடமாய்த் தெளித்தோம், ஈரத்தில் மணல் உஸ்ஸென்றது, முட்டிபோட்டு ஒரு குழியின் மேல் கை வைத்தேன், இன்னும் சுடுகிறது, மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை, வேலிக்கு வெளியே மாமியார் மூச்சிரைக்க நிற்கிறாள், என் பெண்கள் மூவரும் பக்கத்துக் குழிகளில் கை வைத்திருக்கிறார்கள், சூடு ஆறும்வரை கையை எடுக்கப் போவதில்லை, அன்று உதட்டோடு விழுங்கிய சொல் இன்று தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வருகிறது, மாமியாருக்கும் பந்தலுக்கும் கடலுக்கும் கேட்கட்டும் என்று கத்துகிறேன், உசுரோட குடு தாயி, அதுல கொஞ்சமாவது ஆம்பளப் புள்ளையா குடு.