பிலாத்துவின் மீசை

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரி ஒரு பக்கம் ஓடினால் வாய் நாலு பக்கம் ஓடும். அந்த மனுஷனுக்குப் போய் கோயில் நாடகத்தில் இயேசு வேஷம் கொடுத்தார் பாதிரியார். அதுவும் தீர்ப்புக் காட்சி! மயிர் கத்தரிப்பவன் முன்னால் நிற்கும் ஆட்டைப்போல இயேசு வாயே திறக்கமாட்டார் என்று தீர்க்கதரிசி முன்பே சொல்லியிருக்கிறாராம். இங்கே கத்தரிக்காரரே ஆடு.

போதாக்குறைக்கு, தீர்ப்புச் சொல்லும் பிலாத்து என் அண்ணன். ரோமானிய அதிகாரிக்கு மீசை கூடாது என்று பாதிரியார் தேடியபோது மழுமழுவென்று இருந்தவன் அவன்தான். அந்த மீசையால் வந்த வினைதான் எல்லாம்.

சில மாதங்களுக்கு முன் இவர் அண்ணனுக்குச் சவரம் முடித்து, பவுடர் போட்டு, மீசையைத் திருத்தினார். அண்ணன் தும்மினான். பாதி மீசை போயே போச்சு.

"நீங்கதான் தும்மினீங்க மச்சான்" என்றார் இவர்.

நான் தும்மவே இல்லை, இவன்தான் வேண்டுமென்றே எடுத்துவிட்டான் என்று அண்ணன் சொந்தக்காரர்களைக் கூட்டித் தீர்ப்பே சொல்லிவிட்டான். விசாரணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவமானத்தை மறக்கக்கூடாது என்று அன்றிலிருந்து மீசையை வளர்க்கவும் இல்லை. பேச்சுவார்த்தை நின்றது. அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. இரண்டு பேரையும் நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒத்திகையில் பிலாத்து வாயைத் திறந்ததுமே இவர், "அது வந்து..." என்று ஆரம்பித்துவிடுவார். பாதிரியார் தலையில் கைவைத்தார். மேடையிலும் பேசினால் நாடகமே பாழ் என்று கெஞ்சினார். மச்சான் முகத்தைப் பார்த்தாலே நாக்கு துடிக்கிறது என்று இவர் என்னிடம் புலம்பினார்.

நாடகத்தன்று அண்ணன் முகத்தில் பவுடரை அப்பியிருந்தார்கள். கைகள் கட்டப்பட்டு இவர் வந்து நின்றார். அண்ணன் வியர்வையைத் துடைத்தான். பவுடர் பறந்தது. அடுக்கடுக்காகத் தும்மினான் பாருங்கள், தலையிலிருந்த இலைக்கிரீடம் உருண்டு இவர் காலடியில் விழுந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மீசைக் கதை தெரியாதவர் யார்? எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், வழக்கு ஜெயித்துவிடும். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். இவர் வாய் திறக்கவில்லை. குனிந்து, கட்டிய கைகளாலேயே கிரீடத்தை எடுத்து நீட்டினார்.

அண்ணன் அதை வாங்கித் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டான். பிறகு தன் சொந்தக் குரலில் சொன்னான்:

"இந்த மனுஷன்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. அன்னிக்கும் இல்ல."

எனக்கு அழுகை பொங்கியது. நாடகப்படி அவன் தண்டனை கொடுத்தே ஆகவேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தே கொடுத்தான். இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று பிலாத்து கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தபோது கையை நீட்ட மறுத்துவிட்டான். பாதிரியார் யாரை நினைத்துப் பயந்தாரோ அவர் சரியாகவே செய்தார், சொதப்பியது பிலாத்து.

திரைக்குப் பின்னால் அண்ணன் இவர் முன்னால் வந்து நின்றான்.

"ஏதாவது திட்டு மாப்ளே."

"முதல்ல கட்டை அவுத்து விடுங்க மச்சான்."

அவிழ்த்துவிட்டான். அப்புறம் இவர் வாய் மூடவே இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்ததில், எங்கே போகிறோம் என்றுகூட நான் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, அது அண்ணன் வீட்டு வாசல்.