முப்பத்தேழாவது கணக்கு

2024 யூன் 15, சனிக்கிழமை. ஊர்காவற்றுறையில் புதிதாகத் திறக்கவிருந்த நிதி நிறுவனக் கிளை ஒன்றின் எழுதுவினைஞர் வேலைக்கு யாழ்ப்பாண நகரில் உளச்சார்புப் பரீட்சை நடந்தது. ஐம்பது கேள்விகள், அறுபது நிமிடங்கள். எழுதியவர்கள் அறுபத்திரண்டு பேர். வெற்றிடம் ஒன்று.

அவர்களில் நாரந்தனைத் துஷாந்தியும் ஊர்காவற்றுறை அன்ரனிட்டாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவருக்கும் வயது இருபத்தெட்டு. விண்ணப்பத்தில் கேட்டிருந்த வயதெல்லையும் அதுதான். இதற்கு முன் நான்கு பரீட்சைகளுக்குச் சேர்ந்து படித்து, சேர்ந்து பஸ் ஏறி, சேர்ந்தே வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னர், வியாழக்கிழமை பின்னேரம், துஷாந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்து திருத்தினார்கள். அன்ரனிட்டாவுக்கு நாற்பத்திரண்டு. துஷாந்திக்கு முப்பத்தொன்பது. அன்ரனிட்டா விட்ட பிழைகளில் பாதி வேகம், நேரம், தூரக் கணக்குகளில்.

"இந்தக் கணக்கிலை வாற பஸ் ஒருநாளும் நிக்கிறேல்லை பாத்தியே? எங்கடை பஸ்ஸெண்டால் மீன் பெட்டி ஏத்த ஒருக்கா நிக்கும், ட்ரைவர் அண்ணை வெத்திலை வாங்க ஒருக்கா நிக்கும்," என்றாள் அன்ரனிட்டா.

"விசர்க்கதையை விட்டிட்டுச் செய்யடி."

மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போன பஸ் அதே பாதையால் இருபத்துநான்கில் திரும்பி வருகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

கடற்றொழிலாளியின் மகளான அன்ரனிட்டா பேனையைக் கடித்தாள். "ஐயா வள்ளத்திலை காரைநகர்ப் பக்கம் போகேக்கை சோளகக் காத்து முதுகிலை. வரேக்கை மூஞ்சியிலை. போறது கொஞ்ச நேரம், வாறதுதான் கனநேரம். கனநேரம் மெதுவா வந்தா, சராசரியும் மெதுவான பக்கத்துக்கெல்லோ சரிய வேணும்? நடுவிலை எப்பிடி நிக்கும்?"

அவள் சொன்னது சரி. தூரத்தை நூற்றிருபது கிலோமீற்றர் என்று வைத்தால் போக மூன்று மணித்தியாலம், வர ஐந்து. இருநூற்று நாற்பதை எட்டால் பிரித்தால் முப்பது. துஷாந்திக்கு இது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரியும். முந்தின பரீட்சை ஒன்றுக்கு இப்படித்தான் செய்து சரி எடுத்திருந்தாள்.

மேசையில் இரண்டு வினாத்தாள்களும் அருகருகே கிடந்தன. நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது.

"கடலை இதுக்குள்ளை கொண்டு வராதை," என்றாள் துஷாந்தி. "ரெண்டு வேகத்தையும் கூட்டி ரெண்டாலை பிரி. முப்பத்திரண்டு. நேரமும் மிச்சம்."

"உண்மையாவோ?"

"ஓம்."

அன்ரனிட்டா கொப்பியின் ஓரத்தில் எழுதினாள்: கூட்டி இரண்டால் பிரி – துஷா. பிறகு சைக்கிளில் ஏறிப் போனாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று துஷாந்தி நினைத்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை கைபேசியை எடுத்தாள். இரண்டு தடவையும், பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

பரீட்சையில் அந்த வகைக் கணக்கு முப்பத்தேழாவதாக வந்தது. போகும்போது அறுபது, வரும்போது நாற்பது. தரப்பட்ட விடைகளில் நாற்பத்தெட்டும் இருந்தது, ஐம்பதும் இருந்தது. துஷாந்தி நாற்பத்தெட்டுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு வரிசை முன்னால் அன்ரனிட்டாவின் முதுகு தெரிந்தது. அவள் குனிந்து ஏதோ எழுதினாள், வெட்டினாள், மறுபடி எழுதினாள். எந்தக் கேள்வியில் நிற்கிறாள் என்று அங்கிருந்து தெரியவில்லை.

யூன் 24, திங்கட்கிழமை கடிதங்கள் வந்தன. துஷாந்தி நாற்பத்தொன்று, முதலாம் இடம். அன்ரனிட்டா நாற்பது, இரண்டாம் இடம். தெரிவானவர் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் மறுத்துத் தபாலில் சேர்த்தால் வேலை இரண்டாம் இடத்தவருக்குப் போகும் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது. துஷாந்தியின் அம்மா அயல் வீடுகளுக்குக் கற்கண்டு கொண்டுபோனாள். துஷாந்தி அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரு புள்ளி. ஒரு கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை ஊர்காவற்றுறைக் கரைக்குப் போனாள். அன்ரனிட்டாவும் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாரும் பிள்ளை, வாரும்!" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "புது எஞ்சினுக்கு லோன் கேட்டு வந்தா எங்களைத் தெரியாத மாதிரி இருக்க மாட்டீர்தானே?"

துஷாந்திக்குச் சிரிக்க வரவில்லை. அவர் நண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கும் வாடிப் பக்கம் போகும்வரை நின்றாள்.

"அந்தச் சராசரிக் கணக்கு," என்றாள். "நான் பிழையாச் சொல்லித் தந்தனான். தெரிஞ்சுதான் சொன்னனான்."

அன்ரனிட்டாவின் கை வலையில் நின்றது. "அதுக்கு நான் நாப்பத்தெட்டு எண்டுதான் போட்டனான்."

துஷாந்திக்கு மூச்சு வந்தது. அப்படியானால் அந்தப் புள்ளி தன்னால் போகவில்லை. அந்த நிம்மதி முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்; அன்ரனிட்டா அதைப் பார்த்தாள்.

"முதல் உன்ரை முறையிலைதான் செய்தனான். அம்பது வந்தது. மனம் கேக்கேல்லை. ஐயாவின்ரை வள்ளத்தை நினைச்சு மற்ற மாதிரிச் செய்தன், நாப்பத்தெட்டு வந்தது. ஆனா நீ கணக்கிலை பிழை விடமாட்டாய் எண்டு தெரியும். அப்ப எனக்குத்தான் எங்கையோ பிழைக்குது எண்டு திரும்பவும் திரும்பவும் செய்தன். ஆறேழு நிமிசம் போயிட்டுது. கடைசிப் பக்கத்திலை மூண்டு கேள்வி தொடவேயில்லை."

ஒரு நண்டு வலைக்குள்ளேயே காலை அசைத்தது. அவள் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள்.

"நான் வேலை வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கிறன்," என்றாள் துஷாந்தி. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. உனக்குத்தான் வரும்."

"குடுப்பியா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஓம்."

"சரி," என்றாள் அன்ரனிட்டா.

புதன்கிழமை துஷாந்தி கடிதத்தை எழுதினாள். நான்கு வரி. உறையில் வைத்து ஒட்டி விலாசமும் எழுதினாள். வியாழக்கிழமை அம்மா யாழ்ப்பாணம் போய், வேலைக்கு உடுக்க இரண்டு சேலை வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை காலை துஷாந்தி உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தபாற்கந்தோர்வரை சைக்கிளில் போனாள். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று எதிர்ப்பக்கத்தில் காத்து நின்றாள். அவர்கள் போனார்கள். அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

யூலை முதலாம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டே காலுக்குப் புதிய கிளையின் வரவுப் பதிவேட்டில் துஷாந்தி கையொப்பமிட்டாள்.